பஸ் நிலையத்தில் படுக்கிற ஐயாவுக்குப் பார்சல் மட்டும் கொடுத்தால் போதுமா?

உட்துறைமுகவீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். போன மாரியில் இருந்து வெள்ளிக்கிழமை இரவுகளில் திருகோணமலை பஸ் நிலையத்துப் பக்கமும் சந்தைப் பக்கமும் வெளியில் படுக்கிற சனத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து வருகிறோம். இடியப்பம், சொதி, சம்பல், சில நாள் பாணும் பருப்பும். பதினைந்து இருபது பார்சல் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், நாங்களும் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

போன கிழமை ஒரு ஐயா, எப்போதும் பூட்டின கடை ஒன்றின் விறாந்தையில் படுக்கிறவர், பார்சலை வாங்கிக்கொண்டு "தம்பி, உனக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். சொன்னேன். இத்தனை மாதமாக நான் அவருடைய பெயரைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிரவு சரியான நித்திரை இல்லை.

சாப்பாட்டைத் தவிர வேறு என்ன செய்யலாம்? அவரிடம் அடையாள அட்டை இல்லை, உதவிப்பணம் ஒன்றும் வருவதில்லை, காலில் ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது. முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடு என்று என் வீட்டில் சொல்கிறார்கள். அவரோ கடல் தெரியாத இடத்தில் தன்னால் இருக்க ஏலாது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்று அக்கா எழுதியது:

தம்பி, பார்சலை நிறுத்த வேண்டாம். ஆனால் இருபது பார்சலை எட்டாகக் குறைத்தாலும் பரவாயில்லை, கொடுத்த இடத்தில் கொஞ்சம் இருங்கள். நின்றபடி குனிந்து கதைக்காமல் பக்கத்தில் படியில் இருந்து கதையுங்கள். நாங்கள் மூன்று பேர் ஐந்து வருடமாக இதைச் செய்கிறோம், எங்களுக்குப் பலன் தந்தது இது ஒன்றுதான்: ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம். ஆள் மாறி மாறிப் போனால் அவர்கள் ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும், அது அவர்களுக்குக் களைப்பு. வர முடியாத கிழமை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். மழைக்கு நீங்கள் வராமல் விட்டால் அவர் அந்த மழைக்குள்தான் இருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கதையை நீங்களாகத் தோண்ட வேண்டாம். பிள்ளைகள் எங்கே, ஏன் வீட்டை விட்டு வந்தீர்கள் என்று முதல் மாதமே கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். படமும் எடுக்க வேண்டாம். எங்களோடு வந்த ஒரு பிள்ளை பார்சல் வாங்குகிற ஒரு அம்மாவின் படத்தை முகநூலில் போட, அதைப் பார்த்த அவருடைய சொந்தக்காரர் வந்து தெருவிலேயே வைத்து ஏசிவிட்டுப் போனார். அந்த அம்மா அந்த இடத்துக்குத் திரும்பி வரவில்லை. இன்று வரைக்கும் எனக்கு அது நெஞ்சில் கிடக்கிறது.

இன்னொன்று. ரயில் நிலையப் பக்கம் ஒரு அம்மா, மூன்று மாதம் ஒரு சொல் பேசவில்லை. வாய் பேச முடியாதவர் என்றே நினைத்தோம். ஒருநாள் எங்களோடு சிங்களம் தெரிந்த தங்கச்சி ஒருத்தி வந்து "அம்மே, கேவத?" (அம்மா, சாப்பிட்டீங்களா?) என்று கேட்டதும் அவர் அழத் தொடங்கிவிட்டார். திருகோணமலையில் இந்த வேலைக்குத் தமிழ் மட்டும் போதாது, உங்கள் ஐந்து பேரில் ஒருவராவது சிங்களம் கதைக்கிறவராக இருக்கட்டும்.

காலில் புண் என்கிறீர்கள், அதில் தாமதிக்க வேண்டாம். நீங்களாகப் பவுடர் மருந்து ஒன்றும் போட வேண்டாம். ஆறாத புண் என்றால் முதலில் இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவில் காட்டக் காசு இல்லை, அடையாள அட்டை இல்லாமலும் பார்ப்பார்கள். நடக்க முடியாத நிலை, காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தால் 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸும் இலவசம். மனநிலை சரியில்லாதவர் யாராவது இருந்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

ஆனால் தனியே அனுப்பிவிட வேண்டாம், கூடப் போங்கள். ஒரு ஆஸ்பத்திரியில் நாங்கள் கூட்டிப்போன அம்மாவைப் பதிகிற இடத்தில் "இவருக்கு நீங்கள் யார்? சொந்தக்காரர் இல்லாமல் வார்டில் விட ஏலாது" என்று ஒரு மணித்தியாலம் இழுத்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன், பிறகு "அயலவர்" என்று சொன்னேன். பொய் இல்லையே, அவர் என் வீட்டில் இருந்து பத்து நிமிட நடையில்தான் படுக்கிறார். என் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொடுத்து, துணைக்கு மாறி மாறி நின்றோம். அதற்குப் பிறகு யார் எங்கே கேட்டாலும் அதையே சொல்கிறோம்.

இல்லத்தைப் பற்றி: அவர் ஓம் என்று சொல்லாமல் கொண்டுபோய் விட வேண்டாம். எங்களுக்குத் தெரிந்து அப்படிச் சேர்த்த இரண்டு பேர் ஒரு கிழமையில் நடந்தே திரும்பி வந்தார்கள். கடல் தெரிய வேண்டும் என்பதைச் சாட்டு என்று எடுக்காதீர்கள், அது அவருடைய விருப்பம். வேண்டுமானால் ஒருநாள் இல்லத்தைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுங்கள்.

பழைய விதானை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர். அடையாள அட்டை விஷயம் மட்டும் சொல்கிறேன், எல்லா அடைப்பும் அதில்தான் தொடங்குகிறது. அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் அஸ்வெசும என்கிற அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு இல்லை. முதியோர் கொடுப்பனவுக்கும் அட்டை வேண்டும்.

முதலில், அவரிடம் முன்பு அட்டை இருந்து தொலைந்ததா, அல்லது எடுக்கவே இல்லையா என்று கேளுங்கள். தொலைந்தது என்றால் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதி எடுக்க வேண்டும். தமிழில் சொல்லித் தமிழில் பதியும்படி கேட்கலாம், அது அவருடைய உரிமை. பிறகு பிறப்புச் சான்றிதழ். பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம், இல்லாவிட்டால் பிறந்த இடத்துக்குரிய செயலகத்தில் தேட வேண்டும். படம் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வைத்து விண்ணப்பம் ஜீ.எஸ் (கிராம உத்தியோகத்தர்) ஊடாகப் போகும்.

மாட்டுகிற இடம் ஜீ.எஸ்ஸின் ஒப்பம்தான். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை, வீட்டு இலக்கம் இல்லை, ஆளை முன்பின் பார்த்ததில்லை என்றால் ஒரு ஜீ.எஸ் எப்படி ஒப்பமிடுவார்? நானும் அந்தக் கதிரையில் இருந்து தயங்கியவன்தான். ஆகவே கடுதாசியைக் கொண்டுபோக முன்னம் ஆளைக் கொண்டுபோங்கள். அலுவலக நாளில் இரண்டு மூன்று தடவை ஐயாவைக் கூட்டிக்கொண்டுபோய், இவர் இந்த விறாந்தையில் இத்தனை காலமாக இருக்கிறார் என்று கடைக்காரர் ஒருவரையும் சொல்ல வையுங்கள். ஜீ.எஸ்ஸுக்கு முகம் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிள்ளைகள் வசதியாக இருந்தால் 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பராமரிப்புச் செலவு கேட்டு அதற்கான சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளைக்கு எதிராக எழுதித் தர அநேகமானவர்கள் சம்மதிப்பதில்லை. வற்புறுத்த வேண்டாம்.

அனுராதபுரச்சந்தி எழுதியது:

பொலிஸ் பிரச்சினையும் ஒன்று இருக்கிறது, கவனம். வெள்ளைக்காரன் காலத்து அலைந்து திரிவோர் சட்டம் 1841இல் வந்தது, தடுப்பு இல்லங்களுக்கான சட்டம் 1907இல். இரண்டும் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன, வீடில்லாத ஒருவரை நீதவான் முன் கொண்டுபோக அவை போதும். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்தால் உடனே யாராவது ஒருவர் போய் நிற்க வேண்டும், சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாகச் சட்டத்தரணி கேட்கலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே நடத்துகிற விதம் மாறும், நான் கண்ணால் கண்டது.

கடை முதலாளியோடும் கதையுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு முதலாளி விடிய ஐந்தரைக்கு எழும்பி விறாந்தையைக் கூட்டிவிட்டால் படுக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். இப்போது அவரே காலையில் பிளேன்டீ கொடுக்கிறார்.

உட்துறைமுகவீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பார்சல் இல்லாமல் வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். பெயர் கேட்டேன். இரண்டு மணித்தியாலம் போனது தெரியவில்லை.

ஐயாவின் ஊர் சம்பூர்ப் பக்கம். 2006இல் சண்டையோடு வெளிக்கிட்டு, வாகரை, மட்டக்களப்பு முகாம்கள், பிறகு கிளிவெட்டி முகாம். அங்கே மனைவி மோசம் போய்விட்டார். ஊருக்குத் திரும்பிப் போக விட்டபோது சனம் போனது, இவர் போகவில்லை, "அவ இல்லாத வளவுக்குப் போய் என்னத்தைச் செய்ய" என்றார். அவர் அங்கே கடற்றொழில் செய்தவர். கடல் ஏன் தெரிய வேண்டும் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

காலுக்குச் செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கூட்டிப்போகிறேன், வருவேன் என்று சொல்லியிருக்கிறார். அட்டை கடலில் தொலைந்ததாம். ஆனால் பொலித்தீன் பையில் சுற்றி ஒரு பழைய நிவாரண அட்டை வைத்திருக்கிறார், முகாமில் கொடுத்தது. எழுத்து மங்கிவிட்டது. அதில் ஏதாவது பிரயோசனம் உண்டா?

பழைய விதானை எழுதியது:

தம்பி, அதைத் திருப்பிப் பார். முகாம் அட்டைகளில் குடும்பத் தலைவரின் அடையாள அட்டை இலக்கத்தைப் பேனையால் எழுதுகிற வழக்கம் இருந்தது. இருந்தால் வேலை பாதியாகக் குறையும், தொலைந்த அட்டைக்குப் பிரதிதான் கேட்கிறீர்கள். படம் எடுத்து வைத்துக்கொள், மூலத்தை அவரிடமே கொடு. இலக்கத்தை இங்கே போடாதே. பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, எழுபது தாண்டிவிட்டதா என்று அதிலேயே தெரியும், முதியோர் கொடுப்பனவுக்கு அது வேண்டும். அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது.

உட்துறைமுகவீதி எழுதியது:

இருக்கிறது, ஐயா! பின்பக்கத்தில், நீலப் பேனையில், ஒன்பது இலக்கமும் தெளிவாக வாசிக்கலாம். எழுபது தாண்டிவிட்டது. பிறந்த நாள் ஜனவரியில் வருகிறது. அன்றைக்குக் கேட்டபோது தனக்கே தெரியாது, மாரி காலம் என்று மட்டும் அம்மா சொல்லுவா என்றார். செவ்வாய் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சொல்கிறேன்.