லாகோஸ், நைரோபி அச்சுக் கடைகளில் பார்த்தது: தானாகக் கற்ற டிசைனருக்கு எங்கே தட்டுகிறது?

ஷோமோலு_பிளேட்
நைஜீரியாவின் லாகோஸில், அச்சுக்கடைகள் நிறைந்த ஷோமோலு பக்கம் போய்வருகிறவர்களுக்கு அந்தச் சந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஈமச்சடங்கு நிகழ்ச்சி நிரல், ஏ5, 16 பக்கம், 500 பிரதி. யூடியூப் பார்த்துத் தானே கற்ற பையன், முழுக்க ஃபோனில், பிக்சல்லேப் என்ற செயலியில் செய்திருந்தான். நல்ல கண் அவனுக்கு. அட்டைப் படத்தில் இறந்துபோன அம்மாவின் முகத்தை வைத்திருந்த விதம் அவ்வளவு அழகு.

அச்சாகி வந்த முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். அம்மாவின் பெயரைச் சுற்றி ஒரு பக்கம் இளஞ்சிவப்பு நிழல், மறுபக்கம் நீல நிழல். உள்ளே 8 பாயின்ட் எழுத்து படிக்கவே முடியவில்லை.

காரணம் இது. ஃபோனிலிருந்து வரும் பிஎன்ஜி படம், ஆர்ஜிபி நிறத்தில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலம்) இருக்கும். அதை அச்சு மையின் நான்கு நிறத்துக்கு மாற்றினால் கறுப்பு வெறும் கறுப்பாக வராது. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று பிரியும். மொத்தம் 300 சதவீத மை. இத்தனை பொடி எழுத்தில் நான்கு பிளேட்டும் (ஒரு மைக்கு ஓர் அச்சுத் தகடு) மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். உட்காராது. பூச்சு இல்லாத 80 ஜிஎஸ்எம் தாளில் அவ்வளவு மை காயவும் காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

படத்தை ஃபோனில் செய்யட்டும், தப்பில்லை. எழுத்தை மட்டும் கோரல்டிராவிலோ ஸ்கிரைபஸிலோ (இது இலவசம்) தட்டி, கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று வைத்தால் போதும்.

கென்கே_72
ஃபோனைக் குறை சொல்லாதீர்கள். மடிக்கணினி வாங்கக் காசு சேரும்வரை அவன் வேலை செய்யாமலா இருக்க முடியும்? ஆரம்பத்திலேயே கேன்வாஸ் அளவைச் சரியாக வைக்க யாரும் சொல்லித்தராததுதான் குறை. ஏ5 என்றால் 148 × 210 மி.மீ. நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகிற உபரி ஓரம்) சேர்த்தால் 154 × 216. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 1819 × 2551 பிக்சல். இந்த இரண்டு எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தால் பாதி சண்டை தீரும்.

கானாவின் அக்ராவில் பார்த்தது: இன்ஸ்டாகிராமுக்குச் செய்த 1080 × 1080 சதுரத்தை அப்படியே ஏ3 சுவரொட்டியாக அடிக்கச் சொல்லி ஒரு தேவாலயத்திலிருந்து வந்தார்கள். 297 மி.மீ. அகலத்துக்கு இழுத்தால் 92 டிபிஐதான் தேறும். போதகரின் கண்ணிமை படிக்கட்டு மாதிரி வந்தது. டிசைனர் வாயே திறக்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழ்ப்புள்ளி
நிறத்தை விடுங்கள், எழுத்துக்கு வாருங்கள். நைஜீரியாவில் பேசும் யோரூபா மொழியை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதில் o, e, s எழுத்துகளுக்குக் கீழே புள்ளி உண்டு, உயிருக்கு மேலே தொனிக்குறியும் உண்டு. குறி மாறினால் 'ஒக்கோ' என்ற ஒரே சொல் கணவன், வண்டி, மண்வெட்டி என்று பொருள் மாறும்.

நைஜீரியாவின் இபாதானில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வேனுக்கு ஸ்டிக்கர். டிசைனரிடம் இருந்த எழுத்துருவில் கீழ்ப்புள்ளி இல்லை. வட்டம் போடும் கருவியால் ஒவ்வொரு புள்ளியையும் கையால் வைத்திருந்தார். கடைசி நிமிடத்தில் எழுத்தை 48 பாயின்ட்டிலிருந்து 42 ஆக்கினார்கள். எழுத்து சுருங்கியது, புள்ளிகள் இருந்த இடத்திலேயே நின்றன. வெட்டி ஒட்டிய பிறகு பார்த்தால் புள்ளி பக்கத்து எழுத்தின் காலடியில் கிடக்கிறது. மேலே தொனிக்குறியும் விட்டுப்போய், "எங்கள் வண்டி" என்பது "எங்கள் கணவன்" ஆகிவிட்டது. சங்கத்துப் பெரியவர் ஒருவர் வேன் கதவில் விரலை வைத்து மூன்று தடவை வாசித்தார்.

கீழ்ப்புள்ளியோடு யோரூபாத் தொனிக்குறியும் சேர்ந்த எழுத்துக்கு யூனிகோடில் தனிக் குறியீடு கிடையாது. புள்ளி எழுத்தை அடித்து, பிறகு இணைகுறியைத் தனியாக அடிக்க வேண்டும். அந்தக் குறி எங்கே உட்கார வேண்டும் என்பது எழுத்துருவுக்குள்ளேயே இருக்க வேண்டும். நோட்டோ, ஜென்டியம், சாரிஸ் ஆகிய மூன்று எழுத்துருக்களிலும் இருக்கிறது, மூன்றும் இலவசம். பழைய கோரலில் தகராறு செய்யும்; எக்ஸ்6-க்கு முந்தையவற்றில், எழுத்துருவுக்குள் இருக்கும் இந்த ஏற்பாட்டைப் படிக்கும் ஓப்பன்டைப் வசதியே இல்லை. 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் கர்வ்ஸ் ஆக்க (எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்ற) வேண்டும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் குறியில்லாமல் அனுப்பினால், குறியோடு ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். ஊகித்துப் போடவே கூடாது.

கென்கே_72
அங்கே குறியில்லாமல் எழுதுவது சாதாரணம் ஐயா. இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

கீழ்ப்புள்ளி
ஓடும் பத்தியில் புரியும். வேன் கதவில் இரண்டே சொல் இருக்கும்போது எந்த இடத்தைப் பார்ப்பது? ஆட்பெயரிலும் அப்படித்தான். பெயர்சூட்டு விழாப் பதாகையில் குழந்தையின் பெயரே தப்பாக நின்றால் அந்தக் குடும்பத்துக்கு எப்படியிருக்கும்?

அப்_நெப்பா
சேமித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. வந்ததும் தெருவே "அப் நெப்பா!" என்று கத்தியது. (நெப்பா என்பது நைஜீரிய மின்வாரியத்தின் பழைய பெயர். 2005இலேயே மாறிவிட்டது, தெரு இன்னும் மாற்றவில்லை.) கோப்பு திறக்கவில்லை. ஒரே கோப்பின் மேல் சேமிக்காமல் 01, 02, 03 என்று புதுப்பெயரில் சேமித்திருந்தால் முந்தையதாவது மிஞ்சியிருக்கும்.

ரிவர்ரோடு
நைரோபி ரிவர் ரோட்டில் ஒரு கடை. வாடிக்கையாளர் திறந்த கோப்பை (யாரும் திருத்தக்கூடியது) பென்டிரைவில் வாங்கிப் போனார். அடுத்த மாதம் டிசைனர் இல்லாமல் தனியாக வந்து, தேதியை மட்டும் மாற்றி அடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டிசைன் கூலியை அச்சுச் செலவோடு கலக்காதீர்கள். கலந்தால் டிசைன் இலவசம் என்றே மனதில் பதியும். இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள். முதல் மாதிரிக்கு முன்பே 60, 70 சதவீதம் எம்-பெசாவில் (கென்யாவில் ஃபோன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை) வந்துவிட வேண்டும். மீதி, இறுதிக் கோப்பு கைமாறும் முன்பு. மாதிரியை 1000 பிக்சல் அகல ஜேபெக்காக, குறுக்கே பெயர் போட்டு அனுப்புங்கள். இரண்டு திருத்தம் கூலிக்குள், மூன்றாவதுக்குத் தனி விலை. கொடுப்பது கர்வ்ஸ் ஆன பிடிஎஃப். திறந்த கோப்பு வேண்டுமென்றால் அதற்கும் விலை சொல்லுங்கள். "இதுவே இறுதி" என்று ஒரு வரி எழுத்தில் வாங்காமல் பிளேட் எடுக்காதீர்கள்.

வெளிநாட்டு வேலை என்றால், விலைக்கு முன்னால் பணம் வரும் வழியைக் கேளுங்கள். பேபால் 2014இல் நைஜீரியாவுக்கு வந்தபோது பணம் அனுப்ப மட்டும்தான் விட்டது, வாங்க விடவில்லை. வேலை முடித்த பிறகு இது தெரியவந்தால் என்ன செய்வது? டாலரிலேயே விலை சொல்லுங்கள். 2023 ஜூனில் நைஜீரிய நாணயமான நைராவைச் சந்தை விலைக்கு விட்டதும் மதிப்பு சரிந்தது. ஆனால் மென்பொருள் சந்தாவை டாலர் கணக்கில்தானே கட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் வேலையைக் காட்டும் மாதிரித் தொகுப்பில் ஆறு வேலை போதும். கணினித் திரையில் பிடித்த படம் வேண்டாம், அச்சானதைக் கையில் பிடித்து எடுத்த படம் வையுங்கள்.

ஷோமோலு_பிளேட்
அந்த நிகழ்ச்சி நிரல் என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டார்கள். 16 பக்க எழுத்தையும் கடைக் கணினியில் மறுபடி தட்டினான். நிறப் பின்னணி மேல் வரும் கறுப்புக்கு ஓவர்பிரிண்ட் (அடியில் இருக்கும் நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிப்பது) போட்டார்கள்; இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். தாளின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எட்டு பிளேட் புதிதாக எடுத்தார்கள். அம்மாவின் பெயர் சுத்தமான கறுப்பில் வந்தது. பழைய பிளேட் காசில் பாதியை அவன் தலையில் போட்டார்கள்.