மருந்து தொடங்கிய பின் தம்பியால் உட்கார முடியவில்லை

கேள்வி:
யாரும் இல்லாத அறையில் குரல்கள் கேட்பதாகச் சொல்லிவந்த என் தம்பி ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தை எடுக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. குரல்கள் தணிந்துவிட்டன, ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய் உண்பதற்குள் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறான், நின்றாலும் கால்களை மாற்றி மாற்றி ஊன்றுகிறான். நோய் திரும்புகிறதா? மாத்திரையை நிறுத்தலாமா?

பதில் 1:
தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் குரல்கள் திரும்பக்கூடும். இது அகதீசியா எனப்படும், ஓரிடத்தில் இருக்கவிடாத உள்தவிப்பைத் தரும் பக்கவிளைவாக இருக்கலாம். மூளையில் உள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுக்கும் மருந்துகளால் வருவது இது. இதை நோயின் பதற்றம் என்று எண்ணி மருந்தின் அளவைக் கூட்டினால் தவிப்பு மேலும் மோசமாகக்கூடும் என்பதால், உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று தம்பியிடமே கேட்டு, அவர் சொல்லும் சொற்களை அப்படியே மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், அல்லது இந்தத் தவிப்பைத் தணிக்க ப்ரொப்ரனலால் என்ற மருந்தைச் சேர்க்கலாம்.

பதில் 2:
அந்தத் தவிப்பை அனுபவித்தவள் நான். தோலுக்குள் இருக்க முடியாததுபோல் இருக்கும். ஒலான்சபைன் என்ற வேறொரு மனநோய் மருந்துக்கு மாற்றிய பின் அது நீங்கியது, ஆனால் பசி அடங்காமல் எடை ஏறியதால், எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் இன்றும் தவறாமல் பரிசோதித்துக்கொள்கிறேன். தம்பிக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, காய்ச்சலோடு தசைகள் விறைத்தாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.