ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நின்றாலே கண் இருட்டுகிறது, பிபி 90க்கு இறங்குகிறது. என்ன செய்யலாம்?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். எடை குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது. எடை நன்றாகவே இறங்குகிறது, காயமும் ஆறிவிட்டது. ஆனால் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல் பாடாய்ப்படுத்துகிறது. காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. சுவரைப் பிடித்தபடி நின்றால்தான் தெளிகிறது. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் இன்னும் மோசம். நேற்று குளியலறை வாசலிலேயே கால் துவண்டு உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, அடிபடவில்லை.

வீட்டு பிபி மெஷின் 96/60, சில நேரம் 90/58 காட்டுகிறது. ஆபரேஷனுக்கு முன் எனக்கு மேல் அளவு 150ஐத் தாண்டும். அதற்காக டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று. அதைத் தொடர்ந்து போட்டுவருகிறேன். தண்ணீர் நாளைக்கு ஒரு லிட்டர் போனால் அதிகம். கொஞ்சம் வேகமாகக் குடித்தாலும் நெஞ்சில் அடைக்கிறது.

அடுத்த பரிசோதனைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா? தெரிந்தவர் ஒருவர் உப்பைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார். செய்யலாமா?

பதில் (ஸ்லீவ் செய்துகொண்டவர்)

பொறுக்க வேண்டாம். இன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். எனக்கும் இப்படி வந்தது, தண்ணீர் அளவைக் கூட்டியதும் சரியானது. ஆனால் நான் பிபி மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. உங்கள் கதை வேறு.

பதில் (செவிலியர்)

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த மாத்திரைதான்.

எடை குறையக் குறைய பிபியும் இறங்கும். பலருக்கு எடை பெரிதாகக் குறையும் முன்பே, ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களிலேயே இறங்கிவிடும். உங்கள் மாத்திரையின் அளவோ பழைய எடைக்கும் பழைய சாப்பாட்டுக்கும் வைத்தது. அதில் உள்ள ஹைட்ரோகுளோரோதயாசைடு நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றுகிற மருந்து. ஒரு பக்கம் தண்ணீர் உள்ளே போவதே கம்மி, சாப்பாடு குறைந்ததால் உப்பும் கம்மி. இன்னொரு பக்கம் மாத்திரை அதையும் வெளியே தள்ளுகிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்டான் வகை மருந்து சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அதனால் நாளைக் காலை மாத்திரையைப் போடும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நிறுத்துவதா, குறைப்பதா, வேறு மருந்தா என்பதை அவர் சொல்லட்டும். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பிபி மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் பிபியும் எகிறும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

பேசும்போது கையில் சரியான அளவுகள் இருந்தால் நல்லது. ஐந்து நிமிடம் படுத்திருந்து பிபியும் நாடித்துடிப்பும் எடுங்கள். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை. பக்கத்தில் யாராவது இருக்கட்டும். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அது எழுந்து நிற்கும்போது வரும் தாழ் ரத்த அழுத்தம். துடிப்பும் கூடவே ஏறினால் நீர் பற்றாக்குறை என்ற சந்தேகம் வலுக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கையில் சுற்றும் பட்டை பழைய பெரிய அளவா? எடை குறையும்போது கையும் மெலிகிறது. பட்டை கைக்குப் பெரிதாக இருந்தால் மெஷின் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். உங்களுக்குக் கண் இருட்டுகிறது என்பதால் எல்லாம் மெஷின் கோளாறு என்று விட முடியாது. ஆனாலும் பட்டையைச் சரிபாருங்கள்.

உப்பை மருத்துவர் சொல்லாமல் கூட்ட வேண்டாம். இதயம், சிறுநீரகம் இரண்டும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது.

பதில் (எடை குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்)

தலைசுற்றல் சாப்பிட்ட பிறகு வருகிறதா என்றும் கவனியுங்கள். எனக்குச் சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, உடனே படுத்தாக வேண்டும் என்ற நிலை. டம்ப்பிங் என்றார்கள்: இனிப்பான உணவு சிறுகுடலுக்குள் ஒரேயடியாக இறங்கும்போது ரத்தத்திலிருந்து நீரும் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. சிலருக்குச் சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கித் தலை சுற்றும். அப்போது பிபியோடு சர்க்கரையையும் பார்க்க வேண்டும். பைபாஸில்தான் இது அதிகம், ஸ்லீவிலும் வருவதுண்டு.

கேட்டவர்

சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. காலையிலும் குளித்த பிறகும்தான். பட்டை பழையதுதான், வீட்டில் இன்னொருவருடைய சிறிய பட்டையை வைத்து எடுத்தேன். படுத்தபோது 114/72, துடிப்பு 78. நின்று மூன்று நிமிடத்தில் 88/60, துடிப்பு 108. மருத்துவமனையில் பேசிவிட்டேன். நாளை மாத்திரை போடாமல் காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் (செவிலியர்)

நல்லது. போகும்போது நீங்களே வண்டி ஓட்டாதீர்கள்.

காத்திருக்க முடியாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். மயங்கி விழுவது, நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, மலம் தார் போலக் கறுத்துப் போவது, ரத்த வாந்தி, காய்ச்சலோடு வயிற்று வலி, உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 120க்கு மேல் நிற்பது. இதில் எது வந்தாலும் இரவானாலும் அவசரப் பிரிவுக்குத்தான். வாந்தி நிற்காமல் இருந்து, நடை தள்ளாடி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்து, குழப்பமாகப் பேசினால் தயமின் (வைட்டமின் பி1) குறைபாடாக இருக்கலாம். உடம்பில் அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பதை அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

நாளை வரைக்கும்: எழும் முன் படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள். பிறகு கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். நிற்கும்போது கண் இருட்டினால் உடனே உட்காருங்கள். உட்கார இடம் இல்லையென்றால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். வெந்நீர்க் குளியலை விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில், நாற்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். கதவைத் தாழ் போடாதீர்கள்.

தண்ணீருக்கு ஒரே வழி, நாள் முழுக்கச் சிறு மடக்குகள். பாட்டிலைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி கழித்துத் தொடங்கினால் அடைப்பு குறையும். பொதுவாக ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த) கரைசல் குடிக்கலாமா என்றும் நாளை கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் இருக்கிறது, குளிர்பானங்களை விட மிகக் குறைவு. சிறு மடக்காகக் குடித்தால் பெரும்பாலும் டம்ப்பிங் தொல்லை வராது.

கேட்டவர்

போய்வந்து ஒரு வாரம் ஆகிறது. அந்தக் கூட்டு மாத்திரையை முழுவதும் நிறுத்திவிட்டார்கள். அன்று நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) சற்றுக் கூடியிருந்தது, நீர் வற்றியதால் என்றார்கள். மறுபரிசோதனையில் இறங்கிவிட்டது. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு) குறைவு, இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியாயிற்று. இப்போது நின்றால் 106, 110 என்று வருகிறது. காலையில் லேசான கிறுகிறுப்பு மட்டும் மிச்சம். பிபி மாத்திரை இனி வேண்டியே இருக்காதா? இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்துப் போடலாமா?

பதில் (செவிலியர்)

கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், அது சாதாரணம். ஆனால் பிசுபிசுவென்று, நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் மாத்திரைதான் காரணம் என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

பிபி மாத்திரை பலருக்குத் திரும்பத் தேவைப்படுவதில்லை. சிலருக்கு எடை ஓரிடத்தில் நின்ற பிறகு பிபி மெல்ல ஏறி, சிறிய அளவில் மறுபடி தொடங்க வேண்டிவரும். இப்போதைக்கு வாரத்தில் சில நாள், காலையும் மாலையும், உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று எனக் குறித்துவையுங்கள். எந்த அளவைத் தாண்டினால் கூப்பிட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, அதே தாளின் மேலே எழுதிவிடுங்கள்.