பேட் சம்மிட் அப்படி என்ன பெரிய கோச்?

கேள்வி:
அமெரிக்க காலேஜ் பொண்ணுங்க பாஸ்கெட்பால் பழைய மேட்ச் ஒன்னு பாத்தேன். டென்னசி கோச்சம்மா ஓரமா நின்னு முறைச்ச முறைப்புல எனக்கே வேர்த்துடுச்சு. பேரு பேட் சம்மிட்டாம், யாருங்க இவங்க?

பதில் 1:
1974ல 22 வயசுல டென்னசி யுனிவர்சிட்டி டீமுக்கு ஹெட் கோச் ஆனவங்க, மாசம் 250 டாலர் சம்பளம், டீம் டிரெஸ் துவைக்கிறதுல இருந்து வேன் ஓட்டுறது வரைக்கும் இவங்களேதான். 38 சீசன் அதே காலேஜ்ல. 1098 வெற்றி, 8 சாம்பியன்ஷிப். நடுவுல 1976 ஒலிம்பிக்ல பிளேயரா வெள்ளி, 1984ல கோச்சா தங்கம்!

பதில் 2:
1990 கதைய விட்டுட்டீங்களே. நிறைமாசத்துல பென்சில்வேனியாவுக்கு ஒரு பொண்ண டீமுக்கு கூப்பிடப் போனாங்க, அங்கயே வலி வந்துடுச்சு, ஆனா புள்ள டென்னசிலதான் பொறக்கணும்னு பிளேன நடுவுல எறக்க விடாம ஊருக்கே வந்து பெத்தாங்க. வர்ஜீனியால எறக்கவே கூடாதுன்னு பிடிவாதம், அந்த வருஷம் வர்ஜீனியா காலேஜ் டீம்கிட்ட தோத்திருந்தாங்க 😄

பதில் 3:
கனெக்டிகட் டீம் கோச் ஜீனோ ஆரியம்மா கப் கணக்குல இவங்கள எப்பவோ தாண்டிட்டாரு, வெற்றி கணக்க ஸ்டான்ஃபோர்ட் கோச்சா இருந்த டாரா வேன்டர்வீர் 2020ல தாண்டிட்டாங்க. சும்மா ஓவரா தூக்காதீங்க.

பதில் 1:
சரி ப்ரோ, ஆனா பேட் சம்மிட் டீம்ல கடைசி வரைக்கும் ஆடி முடிச்ச எல்லா பொண்ணும் டிகிரி வாங்கியிருக்கு, அத சொல்லுங்க. 2011ல தனக்கு அல்சைமர்ங்கிற மறதி நோய்னு தெரிஞ்சும் மறைக்காம வெளிய சொல்லிட்டு இன்னொரு சீசன் கோச்சா பெஞ்சுல உக்காந்தாங்க. 2016ல போயிட்டாங்க, 64 வயசுதான்.