டெய்ஸி சீட் மாடலர்: கெயின் ஏற்றினால் 1 கிலோஹெர்ட்ஸ் விசில். அடுத்த போர்டில் எதை மாற்றுவது?

ஆறுதந்தி:
வணக்கம். டெய்ஸி சீட் (ஆடியோவுக்கான சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) வைத்து ஒரு கிட்டார் ஆம்ப் மாடலர் பெடல், அதாவது ஆம்ப்பின் ஒலியை மென்பொருளில் உருவாக்குவது. சின்ன ஜிஆர்யு (ஒருவகை நியூரல் நெட்வொர்க்) மாடல், அதன்பின் 1024 டேப் (எண்கள்) கொண்ட கேபினெட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைத் தரும் ஃபில்டர்). 48 கிலோஹெர்ட்ஸ், பிளாக் சைஸ் (ஒரே தடவையில் கணக்கிடும் சாம்பிள்கள்) 48, சிபியு லோடு சராசரி 70%. ஒரே 9 வோல்ட் அடாப்டரிலிருந்து சீடுக்கும் டிஎல்072 (இரட்டை ஆப்-ஆம்ப் சிப்) பஃபருக்கும் சப்ளை. பஃபரில் முதல் பாதி 1 மெகா ஓம் இன்புட், அடுத்த பாதி 2 மடங்கு கெயின். 4.5 வோல்ட் பயாஸுக்கு (சிக்னல் ஆடும் நடு வோல்டேஜ்) இரண்டு 10 கே, ஒரு 100 நானோ ஃபாரட். போர்டு முழுக்க ஒரே கிரவுண்ட் பிளேன் (கிரவுண்டுக்கான செம்புப் பரப்பு). டிசி ஜாக் இருப்பது இன்புட் ஜாக் பக்கத்தில்.

க்ளீன் மாடலில் எதுவும் கேட்காது. ஹை கெயின் போட்டால் சுத்தமான 1 கிலோஹெர்ட்ஸ் விசில். கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் போகாது. அடாப்டரை மாற்றியும் அதேதான். அடுத்த பதிப்பில் டிஎஸ்பி (சீட் இருக்கும் டிஜிட்டல் பகுதி), அனலாக் இரண்டையும் தனித்தனி போர்டாக்க நினைக்கிறேன். தீருமா?

மில்லிவோல்ட்:
பிரிப்பதற்கு முன் எந்த வழியாக நுழைகிறது என்று பாருங்கள். இல்லையென்றால் விசிலும் சேர்ந்து இரண்டு போர்டுக்குக் குடிபோகும்.

48 சாம்பிள், 48000 ரேட். அதாவது ப்ராசஸர் நொடிக்கு 1000 முறை வேலையைத் தொடங்கி முடிக்கிறது. மின்னோட்டமும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். பிளாக் சைஸை 96 ஆக்குங்கள். விசில் 500 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் ஆள் அகப்பட்டான்.

கெயினோடு சேர்ந்து ஏறுவதால் ஏடிசிக்கு (அனலாக்கை டிஜிட்டலாக்கும் பகுதி) முன்னால்தான் நுழைகிறது. டிஏசிக்கு (திரும்ப அனலாக்காக்கும் பகுதி) பின்னால் என்றால் க்ளீனிலும் அதே அளவு கேட்டிருக்கும். ஹை கெயின் மாடல் சின்ன சிக்னலை 1000 மடங்கு, அதாவது 60 டெசிபல், தூக்கும் என்று வையுங்கள். இன்புட்டில் 50 மைக்ரோவோல்ட் அழுக்கு இருந்தால் வெளியே 50 மில்லிவோல்ட்.

அடுத்து, பஃபர் அவுட்புட்டைக் கழற்றிவிட்டு, சீடின் 16ஆம் பின்னை (ஆடியோ இன்புட்) 20ஆம் பின்னோடு (அனலாக் கிரவுண்ட்) குட்டையான வயரால் ஷார்ட் செய்து கேளுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, பஃபருக்கு மட்டும் தனி 9 வோல்ட் பேட்டரி கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று: 2 மடங்கு கெயின் நிலையின் கீழ் ரெசிஸ்டர் (கெயின் ரெசிஸ்டர்) கிரவுண்டில் முடிகிறதா, பயாஸில் முடிகிறதா?

சால்டர்புகை:
9 வோல்ட் லைனில் ஒரு 470 மைக்ரோ ஃபாரட் போட்டுப் பாருங்க ப்ரோ. அதுலயே முக்கால்வாசி போயிடும்.

மில்லிவோல்ட்:
வெறுமனே போட்டால் போகாது. 1 கிலோஹெர்ட்ஸில் 470 மைக்ரோ ஃபாரட்டின் எதிர்ப்பு சுமார் 0.34 ஓம், அதோடு அதன் ஈஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ்) வேறு. அடாப்டர் வயரே அதே அளவில்தான் இருக்கும், அதனால் பெரிதாக எதுவும் அமுங்காது. அதே கெபாசிட்டருக்கு முன்னால், பஃபர் பக்கம் போகும் லைனில் மட்டும், 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் கதையே வேறு. கட்-ஆஃப் 3.4 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 49 டெசிபல் அடக்கம். டிஎல்072 இழுப்பது 3 மில்லி ஆம்பியர் அளவு, ஆக 0.3 வோல்ட்தான் நஷ்டம்.

ஆறுதந்தி:
96 வைத்தால் 500க்கு இறங்குகிறது. 16ஆம் பின்னை ஷார்ட் செய்தால் விசில் இல்லை. பேட்டரியில் பெரும்பகுதி போய்விட்டது, லேசாக மிச்சம் கேட்கிறது. கெயின் ரெசிஸ்டர் பயாஸில்தான் முடிகிறது.

மில்லிவோல்ட்:
அப்படியானால் இரண்டு வழி.

பெரியது பயாஸ். இரண்டு 10 கே என்றால் 5 கே மூலம். அதோடு 100 நானோ ஃபாரட்டின் கட்-ஆஃப் 318 ஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸில் 10 டெசிபல்தான் குறைக்கும். 9 வோல்ட் லைன் 1 மில்லிவோல்ட் ஆடினாலே பயாஸில் 0.15 மில்லிவோல்ட் இருக்கும். கிட்டாரை மூடினாலும் இது போகாததற்குக் காரணம், உங்கள் கெயின் நிலை அந்த ஆட்டத்தை இன்வெர்ட்டிங் வழியில் 1 மடங்காக அப்படியே எடுத்துக்கொள்கிறது. 100 நானோவை 47 மைக்ரோவாக்குங்கள். அதைவிட முக்கியம், கெயின் ரெசிஸ்டரைப் பயாஸிலிருந்து பிரித்து, 10 மைக்ரோ ஃபாரட் வழியாக கிரவுண்டில் முடியுங்கள், ப்ளஸ் முனை ரெசிஸ்டர் பக்கம். 10 கே என்றால் கட்-ஆஃப் 1.6 ஹெர்ட்ஸ், பேஸ் எதுவும் போகாது.

மிச்சம் இருப்பது கிரவுண்ட். 1 அவுன்ஸ் செம்பில் ஒரு சதுரத்துக்கு அரை மில்லி ஓம். டிசி ஜாக் இன்புட் பக்கம் இருப்பதால் சீடின் ரிட்டர்ன் மின்னோட்டம் முழுக்க பஃபருக்கு அடியில்தான் ஓடுகிறது. 50 மில்லி ஆம்பியர் ஆட்டம், வழியில் 1 மில்லி ஓம்: 50 மைக்ரோவோல்ட். மேலே சொன்ன அதே கணக்கு.

பிசிபிபிரியன்:
புது போர்டுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசி ஜாக் டிஎஸ்பி போர்டில், சீடின் 39, 40ஆம் பின்களை (சப்ளை, டிஜிட்டல் கிரவுண்ட்) ஒட்டி. இன்புட் ஜாக்கும் பஃபரும் எதிர்முனையில். சீடில் அனலாக் கிரவுண்டும் டிஜிட்டல் கிரவுண்டும் வெளியே சேர்த்தாக வேண்டும். அதை ஒரே இடத்தில் சேருங்கள், அனலாக் போர்டுக்கு அந்த இடத்திலிருந்தே ஒரு வயர். ஜாக்குகளை உலோகப் பெட்டியில் நேராக முடுக்கினால் பெட்டி வழியாக இரண்டாவது பாதை உருவாகிவிடும், அவுட்புட் ஜாக்குக்கு இன்சுலேட்டட் வகை வாங்குங்கள்.

பாட்களுக்கு (திருகு குமிழ்கள்) 21ஆம் பின்னின் அனலாக் 3.3 வோல்ட் போதும். பஃபரை அதில் ஓட்ட வேண்டாம், டிஎல்072 அந்த வோல்டேஜுக்கானது அல்ல. ஓஎல்இடி திரை வைத்தால் 38ஆம் பின்னிலிருந்து (டிஜிட்டல் 3.3 வோல்ட்) 10 ஓம், 100 மைக்ரோ ஃபாரட் வழியாக. அதற்குள் சார்ஜ் பம்ப் (வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட்) இருக்கிறது, தனி இரைச்சல் தரும்.

ஆறுதந்தி:
பயாஸ், 10 மைக்ரோ, 100 ஓம் மூன்றும் பழைய போர்டிலேயே செய்தாயிற்று. ஹம்பக்கரில் (இரட்டைக் காயில் பிக்கப்) இப்போது கிட்டத்தட்ட கேட்கவில்லை. மிச்சத்துக்குப் பிளாக் சைஸை 16 ஆக்கலாமா? லேட்டன்ஸியும் (ஒலி வரும் தாமதம்) குறையுமே.

மில்லிவோல்ட்:
16 வேண்டவே வேண்டாம். விசில் 3 கிலோஹெர்ட்ஸுக்குப் போகும், காது அங்கேதான் கூர்மை. 4 வைத்தால் 12 கிலோஹெர்ட்ஸ். கேபினெட் ஐஆர் அந்தப் பகுதியை ஏறக்குறைய வெட்டிவிடும். ஜிஆர்யு எப்படியும் சாம்பிள் சாம்பிளாகத்தான் ஓடும், அதில் நஷ்டம் குறைவு. ஐஆர்தான் பாரம்: 1024 டேப், 48000 ரேட் என்றால் நொடிக்கு 4.9 கோடி பெருக்கிக்கூட்டல், சின்ன பிளாக்கில் லூப் செலவு கூடும். ஐஆர் எண்களையும் ஹிஸ்டரி பஃபரையும் எஸ்டிராமில் (வெளியே இருக்கும் மெதுவான மெமரி) வைக்காமல் 128 கிலோபைட் டிடிசிஎம்மில் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) வையுங்கள். லோடு மீட்டரில் சராசரியை நம்பாதீர்கள், அதிகபட்சம் 90%க்குக் கீழே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் ஐஆரை 512 டேப்பாக வெட்டுங்கள். முதலில் அடிபடுவது பேஸ் துல்லியம்தான்.

மெயின் லூப்பில் ப்ராசஸரைத் தூங்க வைக்கும் கட்டளை இருந்தால் எடுத்துவிடுங்கள். சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் மின்னோட்ட ஆட்டம் குறையும்.

சால்டர்புகை:
சரி, 2 மடங்கு கெயின் எதுக்கு? ஹம்பக்கர்ல ஏடிசி கிளிப் ஆகாதா?

மில்லிவோல்ட்:
ஆகும், ஓங்கி அடித்தால். ஆனால் சிங்கிள் காயிலுக்கு அந்த 2 மடங்கு 6 டெசிபல் லாபம், பஃபருக்குப் பின்னால் நுழையும் அழுக்கு அத்தனைக்கும். கெயின் ரெசிஸ்டரின் கிரவுண்ட் முனையில் ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச்; திறந்தால் 1 மடங்கு. கெபாசிட்டருக்கு இணையாக 1 மெகா ஓம் வேண்டாம், சுவிட்சுக்கு இணையாகப் போடுங்கள், தட்டும்போது 'டப்' வராது. 2 மடங்கில் இருக்கும்போது மாடலுக்கு முன்னால் ப்ரோகிராமில் 0.5ஆல் பெருக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் மாடல் பழகிய அளவைவிட 6 டெசிபல் அதிகமாக டிரைவ் ஆகும்.