இந்த வருடம் கூத்து எந்த ஊரில்?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. நான் திருக்கோவில். மட்டக்களப்பு கல்லடி சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் என்றால் எப்படியோ செய்தி வந்துவிடும். ஊர்க் கூத்துத்தான் தெரிவதில்லை, முடிந்தபிறகு படம்தான் பேஸ்புக்கில் வரும்.

விடிய விடிய வட்டக்களரியில், அதாவது வட்டமான மண் அரங்கில், ஆடும் வடமோடிக் கூத்துப் பார்க்க வேண்டும். சுருக்கி மேடையில் ஆடுவதும் நல்லதுதான். ஆனால் களரி ஓரத்தில் மண்ணில் இருந்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்குச் சரியாகச் சதங்கைக் கால் விழுவதைப் பார்ப்பது வேறு. அரசன் வரவில் கிளம்பும் புழுதிகூட நம் முகத்தில் படும்! முடிந்தால், பழகுபவர்கள் முதன்முதலில் சதங்கை கட்டும் சதங்கை அணிவிழாவுக்கும் வர ஆசை.

கன்னன்குடா, வவுணதீவுப் பக்கம் இருப்பவர்களே, எங்கே கூத்துப் பழகுகிறார்கள், அரங்கேற்றம் எப்போது? அம்மாவும் வருவார். அப்புறம், கூத்து முடிந்து காலையில் மட்டக்களப்பு டவுனுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?