வயநாட்டுக்குக் கொழும்பிலிருந்து உதவி அனுப்புவது எப்படி?

அன்பான உறவுகளுக்கு வணக்கம். 2024 ஜூலை 30 அதிகாலை கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் மண்சரிவு வாரிக்கொண்டு போனதிலிருந்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி ஓயவேயில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் மண்ணோடு போய்விட்டன. நம் மலையக லயங்களை நினைக்காமல் அந்தக் காட்சிகளைப் பார்க்க முடியவில்லை. ஆயினும், தாயை இழந்த குழந்தைகளுக்குப் பாலூட்டுவதற்காக இடுக்கியிலிருந்து கணவரோடும் கைக்குழந்தையோடும் புறப்பட்டு வந்த பெண்ணைப் பற்றிய செய்தியும், இராணுவத்தினர் இரவு பகலாக நின்று சூரல்மலையில் இரும்புப் பாலம் அமைத்ததும் மனத்துக்குத் தெம்பு தருகின்றன. எங்கள் ஒழுங்கையில் உள்ளோர் சேர்த்த சிறு தொகையைக் கேரள முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அனுப்ப விரும்புகிறோம். இங்குள்ள வங்கிகள் ஊடாக அனுப்பும் நடைமுறையையும் அதற்குத் தேவையான ஆவணங்களையும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.